குடைக்கு அடியில்: வால்பாறை மழைக்காலக் குறிப்புகள்

முதல் நாள்: மேலே ஏறுதல்

ஆழியார் சோதனைச் சாவடியிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர், அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. எல்லோரும் இறங்கி ஆழியார் அணையைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுக்கும் இடம். இன்று மேகம் மூடி அணையே தெரியவில்லை. கூட வந்த நண்பன் வரையாடு தட்டுப்படுமா என்று பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் சாலையோரத் தடுப்புச் சுவரிடம் போய்க் குந்தினேன்.

அவன் பறவைக்காரன், அண்ணாந்து பார்ப்பவன். நான் காளானும் பாசியும் தேடிக் குனிந்து பார்ப்பவன். ஒரே காரில் வந்தால் பெட்ரோல் செலவு பாதியாகிறது என்பதைத் தவிர எங்கள் இரண்டு பொழுதுபோக்குக்கும் ஒட்டு உறவு கிடையாது.

தடுப்புச் சுவரில் என்ன இருக்கிறது என்றால், பாசி. மழைக்குப் பச்சைப்பசேல் என்றிருக்கிறது. அதிலிருந்து முடியிழை மெலிவில் காம்புகள் எழும்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்ன உறை. அந்த உறையின் வாயைச் சுற்றிப் பற்கள் வரிசை கட்டியிருக்கும். காற்றின் ஈரத்தைப் பொறுத்து அவை மடங்கி நிமிரும், உள்ளேயுள்ள வித்துகள் வெளியேறுவது அவற்றின் கையில்தான் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு இது ஒரு புள்ளி. மேக்ரோ லென்ஸில் 1:1 அளவில், அதாவது சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்படி பார்த்தால்தான் பற்கள் என்பதே தெரியும். வரையாடு வரவில்லை. பாசிக்கு நல்ல படம் கிடைத்தது. இதை அவனிடம் இரண்டு முறை சொன்னேன்.

தங்குவது தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பழைய பங்களா. தோட்ட நிர்வாகத்திடம் முன்பே அனுமதி வாங்கியாயிற்று. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், நான் அதற்கு முயலவே இல்லை. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மழைக்காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. என் வேலைக்கு அந்தத் துண்டுகளின் ஓரமும், சரிந்து கிடக்கும் மரங்களும் போதும்.

பையில் இருப்பவை: 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், ஒரு சின்ன ஃபிளாஷ், அதன் மேல் மாட்டி ஒளியை மென்மையாக்க பட்டர் பேப்பரில் செய்த டிஃப்யூசர், தரையோடு படியும் குட்டி டிரைபாட், கேமராவைச் சாய்த்து வைக்க பீன் பேக். பீன் பேக்கில் பலர் பயறு நிரப்புவார்கள். இந்த ஊர் மழையில் அது முளைகட்டிவிடும், அதனால் என்னுடையதில் தெர்மாகோல் மணிகள். அப்புறம் பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அந்தக் கம்பி வைத்த வட்டக் கண்ணாடி. காளானுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பிடுங்காமல் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. அது இல்லாதவர்கள் கைப்பேசியில் செல்ஃபி கேமராவைப் போட்டு அடியில் நுழைக்கலாம்.

இரண்டாம் நாள்: ஒரே மரம்

இன்று நடந்த தூரம் மிகக் குறைவு. பங்களாவிலிருந்து காட்டோரம் போகும் பாதையில் எப்போதோ விழுந்த ஒரு பெரிய மரம். காலையில் அதன் அடிப்பக்கம் ஆரம்பித்தேன். சாயங்காலம் வரை நுனிக்கு வந்து சேரவில்லை.

முதலில் அட்டையைச் சொல்லிவிடுகிறேன். குப்புறப் படுத்து வேலை செய்பவனுக்கு அட்டை காலோடு நிற்காது. முழங்கை, வயிறு, காது மடல் என்று எல்லா இடமும் அதற்குத் திறந்த வீடு. அட்டை சாக்ஸ் பாதி உதவும். மூக்குப்பொடி கொஞ்சம் உதவும். மீதி ரத்ததானம்.

மரத்தின் அடிப்பக்கத்தில் குக்கைனா. கிண்ணக் காளான் வகை, இளஞ்சிவப்பு, விளிம்பில் மயிர். அது அழகுதான், எல்லோரும் எடுப்பதுதான், நானும் எடுத்தேன். அதற்கு ஒரு முழம் தள்ளி மராஸ்மியஸ் என்ற குட்டிக் குடைக் காளான். தண்டு குதிரைமயிர் தடிமன்தான், குடை சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மேலே பார்த்தால் சாதாரண பழுப்பு. கண்ணாடியை அடியில் நீட்டினால் செவுள் மடிப்புகள் மையத்தில் ஒரு வளையத்தைத் தொட்டு நிற்கின்றன, தண்டில் ஒட்டவே இல்லை. இந்த வளையம் எல்லாக் காளானிலும் இருக்காது. குடையின் மேல்பக்கத்தை மட்டும் எடுத்துவந்து “இது என்ன காளான்?” என்று கேட்பவர்களுக்கு விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லாமல் நகர்வது இதனால்தான். அடிப்பக்கம் இல்லாத காளான் படம் முகம் மறைத்த ஆதார் அட்டை.

அடியில் அப்படி என்னதான் நடக்கிறது? செவுளின் இரண்டு பக்கமும் கோடிக்கணக்கில் வித்துகள். ஒவ்வொரு வித்தின் அடியிலும் காற்றிலுள்ள ஈரம் படிந்து ஒரு நுண்துளி சேரும். அது பெருத்து, வித்தின் மேல் படிந்திருக்கும் நீர்ப்படலத்தோடு சட்டென்று கலக்கும்போது, நீரின் பரப்பு இழுவிசை வித்தை உதைத்துத் தள்ளிவிடும். கனடாவில் பணியாற்றிய பூஞ்சையியலாளர் ரெஜினால்ட் புல்லர் இதை விரிவாக ஆராய்ந்ததால் அந்தத் துளிக்கு அவர் பெயர். கிளம்பும் நொடியில் வித்தின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் பல ஆயிரம் மடங்கு. ஆனால் அது பறக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எதிர்ச் செவுளில் மோதாமல், நடு இடைவெளிக்கு வந்ததும் காற்று அதை நிறுத்திவிடும். அங்கிருந்து நேராகக் கீழே விழுந்து, குடைக்கடியில் கசியும் காற்றோடு போகும். அந்தக் காற்றையும் ஓரளவு காளானே உண்டாக்கிக்கொள்கிறது: குடையிலிருந்து நீர் ஆவியாவதால் அடியிலுள்ள காற்று குளிர்ந்து பக்கவாட்டில் பரவும்.

இது தெரிந்த பிறகு மேலிருந்து படம் எடுக்க மனம் வராது.

ஆனால் அடியிலிருந்து எடுப்பது உடம்பை ஒடிக்கிற வேலை. 1:1 உருப்பெருக்கத்தில், லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) எஃப் 8-இல் வைத்தால், முழு ஃபிரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர்தான். அப்பர்ச்சரை எஃப் 22 வரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுதும் மொழுக்கென்று ஆகிவிடும். ஆகவே ஃபோகஸ் ஸ்டாக்கிங்: ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி வரிசையாக எடுத்து, பின்னால் கணினியில் ஒன்றாக ஒட்டுவது. அந்த வரிசை முடியும்வரை காளானும் அசையக்கூடாது, காற்றும் அசையக்கூடாது, நானும் மூச்சு விடக்கூடாது. அட்டைக்கு இந்த விதி பொருந்தாது.

மரத்தின் நடுப்பகுதியில் சைஸோஃபில்லம் கம்யூன் என்ற காளான், தட்டை விசிறிகளாக. உலகத்தின் அநேகமாக எல்லா நாட்டிலும் இருப்பது, நம் ஊர் விறகுக் கட்டையிலும் இருக்கும். மணிப்பூரில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அடியைப் பார்த்தால் ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயில் அடித்தால் பிளவு உள்ளே சுருண்டு மூடிக்கொள்ளும், மழை பட்டால் விரியும். ஆண், பெண் என்று இரண்டோடு நிற்காமல் இந்த இனத்தில் இனச்சேர்க்கை வகைகளே இருபதாயிரத்துக்கும் மேல் உண்டு. நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் மரத்தின் மேல் இருவாச்சியைத் தேடிக்கொண்டிருந்தான். “கல்யாணத் தரகருக்கு நல்ல வருமானம்டா” என்றான், கண்ணை எடுக்காமல்.

அடிப்பக்கம்தான் முக்கியம் என்று இவ்வளவு சொல்லிவிட்டேன், ஆனால் நுனிப்பக்கத்துச் சுள்ளிகளில் சயாத்தஸ் இருந்தது. பறவைக்கூட்டுக் காளான் என்பார்கள். அரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிண்ணம், உள்ளே தட்டையான சாம்பல் முட்டைகள். இதை மேலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் இது வேலை செய்வதே மேலிருந்து விழும் மழைத்துளியை வைத்து. துளி கிண்ணத்துக்குள் சரியாக விழுந்தால் தெறிப்பில் முட்டை ஒரு மீட்டர்வரைகூடப் போகும். போகும்போது அதன் வால் நூல் ஏதாவது காம்பில் சுற்றி ஒட்டிக்கொள்ளும். தெறிக்கும் நொடியைப் பிடிக்க ஆசைப்பட்டு உட்கார்ந்திருந்தேன். துளிகள் என் கழுத்தில்தான் குறிபார்த்து விழுந்தன.

பக்கத்துக் கட்டையில் ஸ்டெமோனைட்டிஸ் கூட்டம், சாக்லேட் நிறக் கம்பிகளாக. இது காளானே இல்லை. சளிப்பூஞ்சை என்று பெயரில்தான் பூஞ்சை உண்டு. உறவில் அமீபாவுக்குப் பக்கம். முதிராத பருவத்தில் வெள்ளை வெளேரென்று இருக்கும், சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். காலையில் வெள்ளையாகப் பார்த்ததை மதியம் வந்து தேடினால் வேறு எதையோ பார்ப்பதாகத்தான் தோன்றும்.

சாயங்காலம் கொழுந்து எடுத்துவிட்டு இறங்கிய பெண்களில் ஒருவர் நின்றார்.

“தம்பி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?”

“இல்லக்கா, காளான் படம் எடுக்கிறேன்.”

“இதையா? அந்த மூங்கில் புதருக்கிட்ட போய்ப் பாருங்க. பாவாடை கட்டுன மாதிரி ஒன்னு வரும். விடியக்காலைல வரணும். பத்து மணிக்கு மேல வந்தா நாத்தம்தான் இருக்கும்.”

போய்ப் பார்த்தேன். இலைச்சருகை விலக்கினால் முட்டைகள். கோழிமுட்டையைவிடச் சிறியவை, மங்கலான வெள்ளையில் ஊதாச் சாயல், அழுத்தினால் மெத்தென்று இருக்கின்றன. ஒன்றின் உச்சியில் லேசாக வெடிப்பு. அதன் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தேன். நாளை அலாரம் நாலரைக்கு.

மூன்றாம் நாள்: வலைக் காளான்

இருட்டில் கிளம்புவதற்கு முன் காவலர் அண்ணனிடம் யானை நிலவரம் கேட்டுக்கொண்டேன். இங்கே அதைக் கேட்காமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை. யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை வால்பாறையில் பல இடங்களில் உயரத்தில் வைத்திருக்கிறார்கள், கைப்பேசி அழைப்பிலேயே அவற்றைப் போட முடியும். விளக்கு எரியவில்லை. அண்ணனும் டார்ச்சோடு கூடவே வந்தார்.

ஐந்தேகாலுக்கு முட்டை கிழிந்திருந்தது. உள்ளே கூழ்ப்படலம், அதன் நடுவே பச்சை கலந்த பழுப்புத் தலை எட்டிப் பார்க்கிறது. டிரைபாடைத் தரையோடு படிய வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று டைமர் போட்டுவிட்டேன். இதற்கு ஸ்டாக்கிங் உதவாது. வரிசை எடுத்து முடிப்பதற்குள் காளானே வளர்ந்துவிடும். கண்ணெதிரே வளர்கிறது என்பது இங்கே அலங்காரப் பேச்சு இல்லை. புதிதாகத் திசு உண்டாகி வளர்வதில்லை இது. முட்டைக்குள் மடங்கி நெருக்கப்பட்டிருந்த பஞ்சுத் தண்டு நீரைக் குடித்து விரிகிறது, அதனால்தான் இந்த வேகம். அண்ணன் ஒரு பீடியை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, “என்ன சார், இப்பத்தான இவ்வளவு இருந்துச்சு” என்று விரலால் அளவு காட்டினார்.

ஆறரை வாக்கில் தண்டு ஒரு சாண் உயரத்தைத் தொட்டது. அதன் பிறகுதான் வலை. தலைக்கடியில் மடிந்திருந்த வெள்ளைப் பின்னல் ஒரு பக்கம் முதலில் சரிந்தது, மறுபக்கம் இன்னும் மடிப்பில் சிக்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் விடுபட்டு, சுற்றிலும் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியது. அக்கா சொன்ன பாவாடை இதுதான். அறிவியல் பெயர் ஃபேலஸ் இண்டூசியேட்டஸ், 1798-இல் வெண்டினா என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பதிவு செய்தது. சீனாவில் இதை வளர்த்து, நாற்றமடிக்கும் தலையை நீக்கி, உலர்த்தி விற்கிறார்கள், சூப்புக்குப் போடுவார்களாம்.

வெளிச்சம்தான் இன்றைய பிரச்சினை. மூங்கிலுக்கடியில் ஒரே பச்சை நிழல், வெள்ளை வலை அதில் பச்சை பாரித்துப்போகிறது. முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வலையின் துளைகள் தட்டையாகிவிடுகின்றன. ஃபிளாஷைக் கழற்றி, பட்டர் பேப்பரோடு காளானுக்குப் பின்னால் ஒரு கல்லில் சாய்த்து வைத்து, மிகக் குறைந்த சக்தியில் எரியவிட்டேன். ஒவ்வொரு கண்ணியின் விளிம்பும் தனித்தனியாக எழுந்து வந்தது. பிறகு கேமராவைச் சருகில் மல்லாக்கப் போட்டு, வலைக்குள்ளிருந்து மேல்நோக்கி எஃப் 11-இல் எடுத்தேன். இந்தப் பயணத்தில் இதுவரை எடுத்ததில் நான் சுவரில் மாட்ட நினைக்கும் ஒரே படம் அதுதான்.

ஏழு மணிக்கு ஈக்கள். தலையின் மேல் இருக்கும் வழவழப்பில்தான் வித்துகள் இருக்கின்றன. இந்தக் காளானுக்குச் செவுளும் கிடையாது, உதைக்கும் துளியும் கிடையாது. அழுகல் நாற்றம் விட்டு ஈயை வரவழைத்து, தின்னக் கொடுத்து, அதன் காலிலும் வயிற்றிலும் வித்தை ஏற்றி அனுப்பிவிடுகிறது. ஈக்கள் ஒரு மணி நேரத்தில் தலையை வழித்துத் துடைத்துவிட்டன, கீழே வெள்ளைத் தேன்கூட்டுக் குழிகள் தெரிந்தன. பதினோரு மணிக்கு வலை துவண்டு தண்டில் ஒட்டிக்கொண்டது. அக்கா கணக்கு சரி.

மதியத்துக்கு மேல் தூங்கினேன். அந்த நேரத்தில் நண்பனுக்கு இருவாச்சி கிடைத்தது, சோலைமந்திக் கூட்டமும் கிடைத்தது. சந்தோஷம்.

நான்காம் நாள்: மழை

விடாத மழை. வெளியே போகவில்லை.

லென்ஸ்களைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் அடைத்தேன். காளானைத் தேடி இவ்வளவு தூரம் வருபவன் பயப்படுவது பூஞ்சைக்குத்தான். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் நின்றால் லென்ஸின் கண்ணாடிக்குள்ளேயே பூசண இழை ஓடும், மேல்பூச்சையே அரித்துவிடும். வீட்டில் 45 சதவீதத்தில் உலர் பெட்டி வைத்திருக்கிறேன். இங்கே இந்த டப்பாதான்.

சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டியவரை தேயிலை. இதற்கும் ஒரு பூஞ்சைக் கதை உண்டு, மழை நாளில் சொல்ல ஏற்றது. 1869-இல் இலங்கையிலிருந்து போன காப்பி இலைகளில் ஒரு துருநோய்ப் பூஞ்சையைக் கண்டு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று இங்கிலாந்தில் பெயரிட்டார்கள். அந்தத் துருவின் ஆரஞ்சுப் பொடியும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் கிட்டத்தட்ட அழிந்தன. அந்த நிலத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்துக்கு மட்டும் ஆள் வேண்டும், தேயிலைக்கு ஆண்டு முழுதும் வேண்டும். தமிழகத்திலிருந்து போன குடும்பங்கள் அங்கேயே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தங்கிப்போனதில் இந்தப் பூஞ்சைக்கும் பங்கு உண்டு. வால்பாறையிலும் முதலில் நட்டது காப்பிதான். தேயிலை 1890-களில் கார்வர் மார்ஷ் என்ற தோட்டத்துரை காலத்தில் வந்தது. அவருக்கு இங்கே சிலை இருக்கிறது. பூஞ்சைக்கு யார் சிலை வைப்பார்கள்?

இரவு ஒன்பதுக்கு மழை நின்றது. தூரத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததால் சுற்றுச்சுவரைத் தாண்டவில்லை. சமையலறைக்குப் பின்னால் கிடந்த அழுகிய கட்டையில் ஃபைலோபொலீட்டஸ் காளான் மாதிரி ஒரு கூட்டம் இருந்தது. அடியில் செவுளுக்குப் பதில் துளைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருட்டில் பச்சையாக ஒளிரும் காளான் என்று செய்திகளில் வருவதில் இதுவும் ஒன்று. ஆக்சிஜனும் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளும் சேர்ந்து தரும் ஒளி அது, சூடு கிடையாது. எல்லா விளக்கையும் அணைத்து, கண் பழகும்வரை இருட்டில் உட்கார்ந்து, ஐஎஸ்ஓ 3200-இல் ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைத்தேன். ஒன்றும் பதிவாகவில்லை. இந்த இனம் சில இடத்தில் ஒளிரும், சில இடத்தில் ஒளிராது. இந்தக் கட்டை ஒளிராத கட்சி.

ஐந்தாம் நாள்: இறங்குவதற்கு முன்

காலையில் தோட்டத்துச் சூப்பர்வைசர் ஐயா தேயிலைக்குள்ளேயே கூட்டிப்போனார். மழைக்காலம் என்பதால் கொப்புள நோய் வந்திருக்கிறதாம். 1946-இல் தென்னிந்தியாவுக்குள் நுழைந்த இந்த நோய்க்கும் ஒரு பூஞ்சைதான் காரணம். இளங்கொழுந்தில் மட்டும்தான் பிடிக்கும், அதாவது விற்கிற இலையில். மேல்பக்கம் வெளிர்ந்த வட்டக் குழி. திருப்பினால் அதே இடம் புடைத்து, வெள்ளை வெல்வெட் படர்ந்திருக்கிறது. வித்து முழுவதும் அங்கேதான். செடியை அசைக்காமல் கண்ணாடியை நீட்டியதைப் பார்த்து ஐயா சிரித்தார். “நாங்க இலையைத் திருப்பித்தான் தம்பி பாக்குறது. மேல பாத்தா என்ன தெரியும்?” தாமிர மருந்து அடிக்கத்தான் இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம். எனக்கு இரண்டு வெயில் இடைவெளி கிடைத்தது, போதுமான படங்கள்.

வரும் வழியில் லைன் வீட்டுப் பிள்ளைகள் புற்றுக்காளான் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். இடி இடித்ததால் முளைத்தது என்றார்கள். டெர்மிட்டோமைசிஸ்: கூர்முனைக் குடை, மண்ணுக்குள் முழ நீளத்துக்கு வேர் மாதிரி இறங்கும் காம்பு. அந்தக் காம்பு போய்ச் சேருவது கறையான் புற்றுக்குள் இருக்கும் தோட்டத்துக்கு. இந்த வகைக் கறையானால் மரத்தை நேராகச் செரிக்க முடியாது. தின்றதை அடுக்கி அதன் மேல் இந்தப் பூஞ்சையை வளர்த்து, பூஞ்சை செரித்துக் கொடுத்ததைச் சாப்பிடுகிறது. இந்த விவசாயம் ஆப்பிரிக்காவில் தொடங்கிச் சுமார் மூன்று கோடி ஆண்டுகள் ஆகின்றன. பங்களாச் சமையல்கார அண்ணன் கொஞ்சம் வாங்கி மிளகு தூக்கலாகப் போட்டுக் கறி வைத்தார். நான் சாப்பிட்டேன், ஏனென்றால் அவர் வீட்டில் தலைமுறையாகச் சாப்பிடுவது. மரத்தில் எடுத்த மற்ற எதையும் வாயில் வைக்க மாட்டேன். படத்தைக் காட்டி “இது சாப்பிடலாமா?” என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள், பதில் எப்போதும் கூடாது என்பதுதான்.

இறங்கும்போது மூங்கில் புதர் பக்கம் இன்னும் இரண்டு முட்டைகள் வெடிக்கத் தயாராக இருந்தன. நண்பனுக்கு நாளை அலுவலகம், எனக்கும்தான்.

அடுத்த வாரம் ஸ்டாக்குகளை ஒட்டும் வேலை. உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் குடை, அடிப்பக்கம், தண்டு முளைத்த கட்டை என்று மூன்று படமாவது சேர்த்துத்தான் போடப்போகிறேன். வலைக் காளானின் அரை நிமிட வரிசையைத் தனிப் பதிவாகப் போடுகிறேன். மராஸ்மியஸுக்கு இனப்பெயர் சொல்ல யாராவது இருந்தால் இப்போதே வாருங்கள், பேரினத்தைத் தாண்டி எனக்குத் துணிச்சல் இல்லை.